பதினெட்டு மாதக் கணக்கு

திங்கட்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதி இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் பேசாமல் இருந்துவிட்டு அப்படித் தொடங்கினால் நீ சிரிப்பாய். 'நீங்கள்' போட்டு எழுதலாமா என்றும் யோசித்தேன். அத்தானுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொள்வாய். அதனால் பழையபடி நீ என்றே எழுதுகிறேன்.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. வெயில் ஏறிவிட்டதால் தண்ணீர் மோட்டார்கள் வரிசையாக எரிந்து வருகின்றன. வாசலில் இப்போதே ஆறு மோட்டார் வயிறு திறந்து கிடக்கின்றன. எனக்குத்தான் கண் மங்கிவிட்டது. செம்புக் கம்பியில் காயில் கட்டும்போது நடுவில் எத்தனை சுற்று என்று மறந்து, பிரித்து மறுபடி சுற்ற வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்திலும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன்.

உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. இடது மார்பில் கட்டி. சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நாம் பயப்படும் அந்த நோய்தான் என்று முடிவு வந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்து, அதன் பிறகு ஆறு தடவை மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கரண்டும் வைக்க வேண்டுமாம். சீக்கிரம் ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா சொன்னார். உன் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இவ்வளவு நாள் ஏன் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டார். உன் அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

நம் சண்டை உனக்கு மறந்திருக்காது. அரசுக் காப்பீட்டுக்கு மாதாமாதம் எல்லோரும் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சிறு பட்டறைக்காரர்கள் சங்கத்தின் செயலாளராக நான் மேடை மேடையாக ஏறினேன். நோயே இல்லாதவன் எதற்குக் கட்ட வேண்டும், விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ள வழி வேண்டும் என்று கேட்டேன். விலக விட்டால் எல்லோரும் நோய் வந்த பிறகுதானே திரும்பி வருவார்கள் என்று அரசு நடத்திய பொது விசாரணையில் அதன் தலைவர் மடக்கினார். வாய் சும்மா இருக்குமா எனக்கு. "நல்லா இருக்கும்போது வெளியில, படுத்தா மட்டும் உள்ளயா? இது என்ன சத்திரமா? அப்படி வர்றவன் பதினெட்டு மாசம் வெளியில நிக்கட்டுங்க" என்றேன். மண்டபமே கைதட்டியது. விலகவும் வழி விட்டு, அதையே விதியாக எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து சந்தைத் தெருவில் எனக்குப் 'பதினெட்டு' என்று பேர். பதினெட்டு வர்றாரு, ஒரு டீ போடு என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

விலகல் படிவத்தில் சங்கத்திலேயே முதல் கையெழுத்து என்னுடையது. குடும்பத் தலைவர் போட்டால் போதும், மனைவியும் சேர்ந்து விலகிவிடுவாள். அக்காவைக் கேட்டீர்களா என்று அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நீ கேட்டாய். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற வாத்தியாருக்கு அப்படித்தான் பேச வரும் என்றேன். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுப் போனாய். உன்னைப் பெறாமல் வளர்த்தவள் அவள். அந்தத் தட்டைக் கழுவக்கூட மனசில்லாமல் மறுநாள் வரை வைத்திருந்தாள்.

இப்போது எழுதுவதைப் பொறுமையாகப் படி. கட்டி இருப்பது அவளுக்கு ஏழு மாதமாகத் தெரியுமாம். தோள் வலி என்று சொல்லிக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் தையல் மிஷினைக் குறைத்துக்கொள் என்று உபதேசம் செய்தேன். சென்ற புதன்கிழமை காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்றேன். "ஆஸ்பத்திரிக்குங்க. நேத்தோட பதினெட்டு மாசம் முடிஞ்சிருச்சு. இனிமே நம்ம காப்பீட்டு அட்டை செல்லும்ல?" என்றாள்.

விலகிய நாளிலிருந்து எண்ணியிருக்கிறாள், மாப்பிள்ளை. விதி அப்படி இல்லை. மறுபடி சேர மனுக் கொடுத்த நாளிலிருந்துதான் பதினெட்டு மாதம். வாயைத் திறந்தால் பதினெட்டு பதினெட்டு என்று பீற்றிக்கொண்ட நான், எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதை ஒருநாள்கூட அவளிடம் சொன்னதில்லை. காலண்டரில் மாதம் மாதமாகக் கோடு போட்டிருக்கிறாள். கேஸ் தீர்ந்த தேதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டை இல்லாதவர்களுக்கு ஆகும் செலவை ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை. கடை வாடகைக் கடை. எனக்கென்று இருப்பது காயில் சுற்றும் மிஷினும் நாலு ஸ்பானரும்தான். உன்னிடம் பணம் கேட்பதற்காக இதை எழுதவில்லை. உன் சம்பளம் எனக்குத் தெரியும். உன் அக்காவின் சேதி உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் எழுதினேன். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான்


வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் திட்டியிருப்பாய் என்று பயந்துகொண்டே பிரித்தேன். "அக்காவை உடனே இங்கே அனுப்புங்கள்" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தாய். திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மறுபடி பொது விசாரணை நடந்தது. காத்திருக்கும் காலத்தைக் குறைக்கலாமா என்பதுதான் பேச்சு. நான் போய்ப் பேர் கொடுத்தேன். அதே மண்டபம், அதே மின்விசிறிகள், அதே தலைவர். சங்கத்துக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

என் முறை வந்ததும், பதினெட்டு மாதத்தை எடுத்துவிட வேண்டும், கடும் நோய்க்காவது விலக்குத் தர வேண்டும் என்றேன். தலைவர் பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார். குமாஸ்தா பழைய பதிவேட்டை எடுத்து, சென்ற முறை நான் பேசியதைச் சத்தமாக வாசித்தார். சத்திரம் என்ற சொல் வந்ததும் மண்டபம் சிரித்தது. அன்றைக்கு எங்கே கைதட்டினார்களோ அங்கேதான் சிரித்தார்கள். எந்தப் பேச்சை எடுத்துக்கொள்வது என்று தலைவர் மரியாதையாகவே கேட்டார். வீட்டில் இன்னாருக்கு இன்ன நோய் என்று சொல்லியிருக்கலாம். அவள் உடம்பைப் பற்றி அத்தனை ஆம்பிளைகள் நடுவில் எப்படிச் சொல்வது? ரெண்டாவதா பேசினதை எடுத்துக்குங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் சங்கத்து லேத் பட்டறைக்காரர் வாசலில் பிடித்துக்கொண்டார். சங்கத்தை விற்றுவிட்டாயா என்றார். உன் அக்காவின் நோய் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் முதலில் அழுகிற ஆள் அவர். நானும் சொல்லவில்லை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அது ஆறு மாதம் கழித்து. டாக்டரம்மா ஆறு வாரமே அதிகம் என்கிறார்.

உன்னிடம் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுச் சண்டை போட்டிருக்கலாம். இப்போதும் அந்த விதியில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் படுத்த பிறகே வந்தால் காப்பீடு எங்கே நிற்கும்? ஆனால் அதைச் சொல்லும்போது உள்ளே நின்று சொல்லியிருக்க வேண்டும். அவளையும் இழுத்துக்கொண்டு வெளியே போய் நின்று சொன்னேன் பார், அங்கேதான் என் புத்தி போய்விட்டது.

ஒரு வழி கிடைத்திருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன். காப்பீட்டு அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னலில் ஓர் அம்மாள் இருக்கிறார். எரிந்து விழுகிற ஆள். ஐந்தாவது தடவையாக நான் போய் நின்றபோது, கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தலை நிமிராமல் கேட்டார். தம்பி ஆசிரியர், அட்டை உண்டு என்றேன். வேறொரு படிவத்தைத் தள்ளினார். உன் அட்டையில் 'சார்ந்தவர்' என்று அக்காளைச் சேர்க்கலாம். அதற்குக் காத்திருக்கும் காலம் கிடையாது. ஆனால் அவள் மணமாகாதவளாகவோ, கணவனை இழந்தவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ இருக்க வேண்டும். இரண்டாவதற்கு நான் இன்னும் ஒத்துழைக்கவில்லை என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். உன் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தாள். "முப்பத்தொரு வருஷம் உங்களோட குடும்பம் நடத்திட்டு, கடைசியில வாழாவெட்டின்னு எழுதிக்கிட்டா நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்றாள். அதன் பிறகு இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள். நீ ஒரு வார்த்தை எழுது. உன் பேச்சைத்தான் அவள் கேட்பாள்.

இப்படிக்கு,
அத்தான்


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இன்று காலை ரயிலில் உன் அக்காவை ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்திருக்கலாம். ரயில் கிளம்புவதற்குள் பிரித்துப் படித்துவிடுவாள் என்று தபாலில் போடுகிறேன். இது வருவதற்குள் அவள் உன் வீட்டில் இருப்பாள்.

நீ எழுதியது இந்தப் புதன்கிழமை வந்தது, அதைப் படித்துவிட்டு அழுதாளே தவிர இறங்கி வரவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டு உயிர் பிழைக்க வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். வியாழக்கிழமை நான் அவள் தையல் மிஷினுக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இதில் பொய் எதுவும் இல்லை என்று சொன்னேன். "உன்னை ஒரு வார்த்தை கேக்காம உனக்கும் சேத்து அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். கைவிட்டவன்னா வேற யாரு?" என்றேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை. தலையணை உறையின் ஓரம் முழுக்கத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பேனாவைக் கேட்டாள்.

காரணம் என்ற இடத்தில் கருத்து வேறுபாடு என்று எழுதச் சொன்னார் ஜன்னல் அம்மாள். அது எங்களுக்குள் கல்யாணமான மறுநாளிலிருந்தே உண்டு, அதற்காகப் பிரிகிறவர்கள் இல்லை நாங்கள். ஆனாலும் எழுதினேன். மனைவியைப் பராமரிக்கவில்லை என்ற உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். லேத் பட்டறைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னபடியே அழுதார். கையெழுத்தும் போட்டு, இரண்டாவது சாட்சியையும் அவரே பிடித்துக் கொடுத்தார்.

இனி நீ செய்ய வேண்டியது. பழுப்பு உறையில் சோதனை முடிவுகள், டாக்டரம்மா கொடுத்த கடிதம், படிவம் எல்லாம் இருக்கின்றன. இது கிடைத்த மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடு. விசாரிக்க அதிகாரி வீட்டுக்கு வருவார். அவர் முன்னால் உன் அக்கா என்னை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டாள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது, வேளைக்குச் சாப்பிட மாட்டார் என்று ஏதாவது உளறிவைப்பாள். அந்த நேரம் அவளைக் கடைக்கு அனுப்பிவிடு.

வலது பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்கிறாள், தலையணை உயரமாகக் கொடு. மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நோயைவிட அதற்குத்தான் பயப்படுகிறாள். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பற்றி நீ எதுவும் பேசாதே, உன் மனைவி பார்த்துக்கொள்வாள்.

முக்கியமானது ஒன்று. நாங்கள் மறுபடி ஒரே வீட்டில் இருப்பதாகத் தெரிந்தால் உன் அட்டையிலிருந்து அவள் பேரை எடுத்துவிடுவார்கள். அறுவை முடிந்தாலும் ஐந்து வருடம் சோதனைகள் இருக்கின்றன என்கிறார் டாக்டரம்மா. அதனால் நான் அங்கே வரமாட்டேன். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன். போனிலும் கூப்பிட மாட்டேன். அவள் குரலைக் கேட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். அறுவை முடிந்ததும் கடை முகவரிக்கு ஒரு கார்டு போடு. மோட்டார் ஓடுகிறது என்று எழுதினால் போதும்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் வீட்டுக்குப் போகிறேன் என்று ஆரம்பிப்பாள். மிஷினைத் துடைக்க வேண்டும், அவர் விளக்கை அணைக்காமல் தூங்கிவிடுவார் என்று நூறு காரணம் சொல்லுவாள். விடாதே. அத்தான் கெட்டவன் என்று தினமும் சொல்லு. உனக்கு அது கஷ்டமாக இருக்காது. அவள் என்னைத் திட்டினால் நீயும் சேர்ந்து திட்டு. அவள் எனக்குப் பரிந்து பேசினால் அந்தத் தட்டுச் சோற்றை ஞாபகப்படுத்து.

உன் அக்கா உன் வீட்டில் நீண்ட காலம் நல்லபடியாக இருக்கட்டும். உன் பிள்ளைகளின் கல்யாணத்தை அவள் முன்னால் நின்று நடத்தட்டும். இதைப் படித்ததும் கிழித்துவிடு. அதிகாரிக்காக மட்டும் சொல்லவில்லை. அவள் கண்ணில் பட்டால் அடுத்த ரயிலுக்கே கிளம்பிவிடுவாள்.

இப்படிக்கு,
அத்தான்