சத்தத்தின் முதல் பாதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. என் கண் சரியாகிவிட்டது, காதைத்தான் நீ அடைத்துவிட்டாய். நலம் விசாரிக்கும் முன்பே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் நலமா என்று கேட்கத் தொடங்கினால் கோபம் ஆறிவிடும், எனக்கு ஆற விருப்பம் இல்லை. கண்புரை எடுத்துக்கொண்டு நான் உன் சித்தி மகன் குண்டூசி வீட்டில் மூன்று நாள் கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த நேரம் பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முன்னறையின் இரண்டு மர ஜன்னல்களையும் உள்ளறை ஜன்னலையும் பெயர்த்தெடுத்து, இரட்டைக் கண்ணாடி போட்டு, சுற்றிலும் ரப்பர் வைத்து, திறக்கவே முடியாதபடி அடைக்கச் சொன்னது நீ. குண்டூசி வெறும் கை, உத்தரவு உன்னுடையது. அவன் என்னைக் கூட்டிவந்து கதவைத் திறந்துவிட்டு, "பெரியப்பா, இனிமே நிம்மதியாத் தூங்கலாம், எல்லாம் அக்கா ஏற்பாடு" என்று பல்லைக் காட்டினான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், விமான நிலையத்து மதிலுக்குப் பின்னால், ஒரு விமானம் கிளம்பத் தயாராக நின்றது. அதன் விசிறி சுற்றத் தொடங்குவது என் புதுக் கண்ணுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குப் பதில் வேறு எதையோ அறுத்துவிட்டார்கள் என்றே ஒரு நிமிஷம் நினைத்தேன்.

சரி, நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்கிறீர்களா, அங்கே குளிர் எப்படி, உனக்கு முதுகு வலி தேவலையா. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை விட்டுக்கொள்கிறேன், கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து விட்டுவிட்டுப் போகிறார். என்னைப் பற்றி வேறு செய்தி இல்லை. ஜன்னலைப் பற்றித்தான் இருக்கிறது. போன முறை வந்தபோது பத்து நாளும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் மனுஷன் இருப்பானா என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், டெசிபல், ரத்த அழுத்தம், இதயம் என்று படித்ததைச் சொல்கிறாய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முப்பத்தொரு வருஷம் விமான நிலையத்துக்குள்ளே காற்று வண்டி ஓட்டியவன், அந்த வண்டியின் புத்தகத்தையும் எஞ்சின் புத்தகத்தையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தவன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டால் சிரித்தார்கள். அந்தச் சத்தம் உனக்கு இரைச்சல், எனக்கு அது ஒரு காரியம் ஒழுங்காக நடக்கிறது என்ற தகவல்.

நீ எத்தனையோ முறை பறந்திருக்கிறாய், ஒரு முறையாவது கவனித்திருக்கிறாயா. எஞ்சின் தானாகக் கிளம்பாது. அத்தனை பெரிய சாமான், ஊர் கடந்து ஊர் இழுத்துப்போகிற சாமான், முதல் சுற்றைத் தானாகச் சுற்றத் தெரியாது. யாராவது காற்று ஊதிச் சுற்றிவிட வேண்டும். விமானத்தின் வாலுக்குள் ஒரு சின்ன எஞ்சின் இருக்கிறது, அது ஊதும். அதே காற்றுதான் உங்கள் தலைக்கு மேலே ஜில்லென்று வருவது. பெரிய எஞ்சினைக் கிளப்பும் நேரம் அங்கே நிறுத்தி இங்கே திருப்புவார்கள், அதனால்தான் சட்டென்று தலைக்கு மேல் காற்று நின்று உள்ளே புழுங்கும், பக்கத்து சீட்டுக்காரர் ஏசி கெட்டுப்போச்சு என்பார். கெடவில்லை, அப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. காற்று போய் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருப்பும், அது பல்சக்கரம் வழியாக எஞ்சினின் உள்தண்டைத் திருப்பும். அப்போது மெல்லிசாக ஒரு ஊளை எழும், ஊசி முனை மாதிரி, ஏறிக்கொண்டே போகும். முழு வேகத்தில் கால் பங்காவது வந்த பிறகுதான் எரிபொருளை விடுவார்கள். முன்னால் விட்டால் உள்ளே வெந்துபோகும். உள்ளே தீப்பொறி டிக் டிக்கென்று அடிக்கும், பிறகு வயிற்றுக்குள்ளிருந்து 'உம்' என்று ஒன்று வரும். பற்றிக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் பாதி வேகம் வரும்வரை வெளிக்காற்று கூடவே தள்ளிவிட வேண்டும், அப்புறம்தான் அது தன் சொந்தக் காலில் நிற்கும். வாலில் இருக்கும் சின்ன எஞ்சின் பழுதாகிவிட்டால் கீழேயிருந்து ஒருவன் வண்டியைக் கொண்டுபோய், விமானத்தின் அடிவயிற்றில் குழாயை மாட்டி ஊத வேண்டும். அந்த ஒருவன்தான் உன் அப்பன்.

இந்த வீட்டில் நானும் உன் அம்மாவும் அந்தச் சத்தத்தோடு எப்படிப் பேசினோம் என்று உனக்குத் தெரியும், நீயும் சின்ன வயதில் அப்படித்தான் பேசினாய். எஞ்சின் கிளம்பினால் பாதி வாக்கியத்தில் நிறுத்துவோம், விமானம் நகர்ந்து போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். சண்டை போட்டாலும் அப்படித்தான். "உங்களை மாதிரி ஒரு" என்று ஆரம்பித்து, இரண்டு எஞ்சினும் கிளம்பும்வரை கரண்டியை ஓங்கியபடி நின்று, பிறகு "கல்லுளிமங்கனை நான் பார்த்ததே இல்லை" என்று முடித்தவள் அவள். அந்த இடைவெளியில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அவளுக்கும் வந்துவிடும். அவள் போன இந்த நான்கு வருஷமும் உன்னோடு போனில் பேசும்போது அதே பழக்கத்தில் நிறுத்துவேன், "அப்பா, லைன்ல இருக்கீங்களா" என்பாய். இப்போது நம் பேச்சில் இடைவெளியே இல்லை, நீ கவனித்தாயா, ஒரு தடங்கலும் இல்லாமல் பேசி நான்கு நிமிஷத்தில் முடித்துவிடுகிறோம். வைத்துவிட்டால் ஃப்ரிட்ஜ் உறுமுவது கேட்கிறது, அது நின்றால் நான் மெல்லுவது எனக்கே கேட்கிறது. விடிந்ததும் ஆறு பத்து விமானம்தான் என்னை எழுப்பும், அது முதல் எஞ்சினைக் கிளப்பும்போது நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். இப்போது எழுந்து உட்கார்ந்துகொண்டு, அது போய்விட்டதா போகவில்லையா என்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கிறேன். தையல்காரம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, "வீடு மீன்தொட்டி மாதிரி ஆயிடுச்சுங்க, நீங்கதான் உள்ள ஒரே மீனு" என்றார். அந்த அம்மா வாயைத் திறந்தால் அப்படித்தான்.

இனி எழுதுவதை யாரிடமும் சொல்லாதே, மாப்பிள்ளையிடம்கூட. ஜன்னலை அடைத்தால் என்ன, நான் கீழே போகிறேன் என்று முந்தாநாள் காலை மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் போய் உட்கார்ந்தேன். ஒரு விமானம் கிளம்பத் தயாராக நின்றது. கம்பி வழியாக விசிறி சுற்றுவது தெரிந்தது. ஊளை வரவில்லை. 'உம்' மட்டும் வந்தது. அந்த எஞ்சினில்தான் ஏதோ வித்தியாசம் என்று வைத்துக்கொண்டேன். அடுத்ததும் அப்படியே. ஐந்து விமானம் பார்த்தேன் பாப்பா, ஐந்தும் ஊளை இல்லாமல், திடீரென்று நடுவிலிருந்து ஆரம்பிப்பது போலக் கிளம்பின. தையல்காரம்மா துணி உலர்த்த வந்தார், இது சத்தமே போடாமல் கிளம்புகிறதே என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். "என்னங்க நீங்க, விசில் மாதிரி கத்துது, எனக்குப் பல்லே கூசுது, உங்களுக்குக் கேக்கலையா" என்றார். கேக்குது கேக்குது என்று சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். படியேறும்போது யோசித்தேன். மர ஜன்னல் இருந்த காலத்திலும் அது எனக்குக் கேட்டிருக்காது. விசிறியைப் பார்த்ததும், ஜன்னல் கதவு அதிர்வதைப் பார்த்ததும், முதல் பாதியை நானே நினைவிலிருந்து எடுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். எத்தனை வருஷமாக என்று தெரியவில்லை. காற்று வண்டி விமானத்தைவிட அதிகமாகக் கத்தும், அதற்கென்று காதுமூடி கொடுத்திருந்தார்கள். அதில் இடது பக்கத்தை நான் எப்போதும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்வேன், எஞ்சின் பற்றிக்கொள்வதைச் சரியாகக் கேட்க வேண்டும் என்று. யாரும் செய்யச் சொல்லவில்லை, சூப்பர்வைசர் நூறு முறை திட்டியிருக்கிறார். தெரிந்தேதான் செய்தேன். நீ சொன்ன டெசிபல் கணக்கு சரியாக இருக்கலாம். அதற்காக ஜன்னல் விஷயத்தில் நீ செய்தது சரியாகிவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது, பதினொரு வருஷப் பழசு. நீ முதல் முறை விமானம் ஏறிக் கிளம்பிய நாளில் அப்பா வழியனுப்ப வரவில்லை என்று உனக்கு மனத்தாங்கல். அதைச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னாய், எனக்கும் வந்து சேர்ந்தது. அன்று நான் லீவு போட்டிருந்தேன், நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். அப்போது சூப்பர்வைசர் போன் செய்து, உன் மகள் போகிற விமானத்தில் வால் எஞ்சின் செத்துக் கிடக்கிறது, காற்று வண்டி வேண்டியிருக்கிறது, ஆள் இருக்கிறான், சும்மா உன் காதில் போட்டு வைத்தேன் என்றார். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் நின்று கையாட்ட யாராலும் முடியும். குழாயை நான்தான் மாட்டினேன். ஹெட்போன் போட்டு விமானியோடு பேசுகிறவர் கையை உயர்த்தினார், காற்றை ஏற்றினேன், காதுமூடியைத் தூக்கிக்கொண்டேன். ஊளை எழுந்தது, ஏறியது, கால் பங்கு வந்தது, பற்றிக்கொண்டது. அந்த நாளில் அது முழுசாக எனக்குக் கேட்டது, அதில் சந்தேகம் இல்லை. இரண்டாவது எஞ்சினுக்கு வெளியிலிருந்து யாரும் வேண்டாம், அது முதல் எஞ்சினிடமிருந்தே காற்று வாங்கிக்கொள்ளும். குழாயைக் கழற்றச் சொல்லிச் சைகை வந்தது. கழற்றி, மூடியை மூடி, இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்தேன். வரிசையாக இருந்த வட்ட ஜன்னல்களில் உன்னுடையது எது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் பார்த்தேன். இதை நம் இரண்டு பேருக்கும் உவமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே, எஞ்சின் அப்படித்தான் வேலை செய்கிறது. அம்மா உன்னிடம் டியூட்டி என்று மட்டும் சொன்னாள், முழுசையும் சொல்லிடுங்களேன் என்று என்னை நச்சரித்தாள். அவளே கேட்கட்டும் என்றேன். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளை உன்னைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடு.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட நாள் இருக்க வேண்டும். என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபம் இருக்கும் நாளிலும் உண்டு. இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன், யார் யார் என்பதையும் சேர்த்து. குண்டூசி என் மர ஜன்னல்களை மொட்டை மாடியில் வெட்டவெளியில் போட்டிருக்கிறான், மழை வருவதற்குள் அவற்றை உள்ளே கொண்டுவந்து, முன்னறைக் கண்ணாடி இரண்டையும் எடுத்துவிட்டுப் பழையபடி மாட்டித் தர வேண்டும், கீல் ஆணிகளை அவன் தொலைத்திருந்தால் அவனே தேட வேண்டும். உள்ளறைக் கண்ணாடி இருக்கட்டும், நீ வந்தால் அங்கே படுத்துக்கொள். மாப்பிள்ளை எனக்கு இதயத்தைப் பற்றிய கட்டுரைகள் அனுப்புவதை நிறுத்த வேண்டும். தையல்காரம்மாவிடம் நேற்று உண்மையை ஒப்புக்கொண்டேன், வியாழக்கிழமை என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போவது அவர் பொறுப்பு. அங்கே சோதனையில் சத்தம் கேட்டால் மட்டும் கையைத் தூக்குவது என் பொறுப்பு, கேட்காமல் தூக்க மாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கு ஒன்றுதான். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. வந்துவிட்டுத் திரும்பும்போது இறக்கையருகே ஜன்னலோரம் உட்கார வேண்டும், காதில் பஞ்சு கூடாது. தலைக்கு மேல் காற்று நின்றதும் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும், ஊளை எங்கே ஆரம்பிக்கிறது, எத்தனை எண்ணும்வரை ஏறுகிறது, நடுவில் எங்காவது தயங்குகிறதா என்று. போய்ச் சேர்ந்ததும் அதைத் தாளில் எழுதி அனுப்ப வேண்டும், போனில் சொல்லக் கூடாது. 'உம்' வரும்வரை நீ கேட்டால் போதும். அதற்குப் பிறகு வருவது மதிலோரத்தில் எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
நாற்காலியோடு அங்கே இருக்கப்போகும்
அப்பா