அவிடி என்று எழுது

கம்பாலா
பிப்ரவரி 3

அன்புள்ள அவிடி அக்காவுக்கு,

அலோபோ எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேருமே அழுதுவிடுவோம் என்று நீங்கள் சொன்னதால், உங்கள் ஊர் லிராவுக்கு வரும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பட்டம் வாங்கிவிட்டேன் அக்கா, இனி நான் டாக்டர். எதிர்வீட்டுக்காரர் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்தார். "நான் அந்த டாக்டர் இல்லை, வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களைப் பற்றிப் படித்தவள்" என்றேன். "அதுக்கெல்லாம் படிப்பா?" என்று சிரித்துக்கொண்டே போனார். கூட வந்திருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை.

காலையில் எழுந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலைக்கு எழுதிப் போட்டதற்கும் பதில் இல்லை. பட்டத்துக்காக எழுதிய ஆய்வுப் புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் என்னிடம் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது; உங்கள் பெயர் மட்டும் ரோஸ். வாக்குக் கொடுத்தபடியே, யாருக்கும் அடையாளம் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
அலோபோ

லிரா
பிப்ரவரி 20

அலோபோ கண்ணு,

புத்தகம் வந்துச்சு. தலகாணி கனம். எனக்கு இங்கிலீஷ் எங்க வருது? மக அபிலிதான் படிச்சுப் படிச்சு நம்ம பாஷையில சொன்னா. ரோஸாம்! என் மூஞ்சியப் பாத்தா ரோஸ் மாதிரியா இருக்கு?

என் புருஷன் தாடைய உடைச்ச இடம் வந்ததும் பொண்ணு நிறுத்திட்டா. "படி"ன்னேன். "அன்னிக்கு நான் தூங்கலம்மா"ன்னா. இத்தனை வருஷமா அவ தூங்கினான்னே நெனச்சிருந்தேன். கடைக்குன்னு அரைச்ச எள்ளு அப்படியே கெடக்க, ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம்.

ஒண்ணு கேக்கறேன். அந்தப் பேரை அடிச்சிட்டு அவிடின்னு எழுது. அடி வாங்கினதும் நான்தான், வெளிய வந்ததும் நான்தான்.

ஒழுங்கா சாப்பிடு. போட்டோல எலும்பா இருக்க.

உன் அக்கா,
அவிடி

கம்பாலா
மார்ச் 4

அன்பு அக்கா,

கோபித்துக்கொள்ளாதீர்கள், அது மட்டும் முடியாது. பெயரை வெளியிடுவதில்லை என்று பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைவிட, உங்கள் கணவர் இறந்துபோய்விட்டாலும் கொழுந்தன் ஒக்வீர் அதே ஊரில்தானே இருக்கிறார்?

மாதக் கடைசியில் லிரா வருகிறேன். குலப் பெரியவர்கள் முன்னால் புத்தகத்திலிருந்து வாசிக்க அழைத்திருக்கிறார்கள். ஒக்வீரும் வருவாராம். தயவுசெய்து நீங்கள் வரவேண்டாம்.

அலோபோ

லிராவிலிருந்து திரும்பும் பஸ்ஸில்
மார்ச் 29

அக்கா,

கூட்டம் முடிந்ததும் பெண்கள் உங்களைச் சூழ்ந்துகொண்டதில் என்னால் பக்கத்திலேயே வர முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"ரோஸ் என்ற பெண்" என்று வாசித்தேன். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "ரோஸ் இல்ல. அவிடி. அந்தத் தாடை இதுதான்" என்றது உங்கள் குரல்.

"அண்ணி, உக்காரு! குடும்ப மானம் போகுது!" என்று ஒக்வீர் பாய்ந்து எழுந்தார்.

நீங்கள் குரலை உயர்த்தவேயில்லை. "மானம் அன்னிக்கே போச்சு ஒக்வீர். நான் கத்தினப்போ பக்கத்துக் குடிசையில நீ ரேடியோ சத்தத்தை ஏத்தி வெச்சே."

அப்போது உங்கள் பக்கத்தில் இருந்தவள் எழுந்து தன் பெயரைச் சொன்னாள். பிறகு சுவரோரம் இருந்த ஒருத்தி. பிறகு தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது போல எல்லாப் பக்கமிருந்தும் பெயர்கள். யாருமே என் புத்தகத்தில் இல்லாதவர்கள். தலைமைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் வாசிக்க வேண்டியதை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒன்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை அக்கா.

பத்திரமாக இருக்கிறீர்களா? உடனே எழுதுங்கள்.

அலோபோ

லிரா
ஏப்ரல் 6

கண்ணு,

பத்திரமாதான் இருக்கேன். ஒக்வீர் மறுநாளே சந்தையில என் எள்ளுக் கடைக்கு வந்தான். மீன்காரி, துணிக்காரி எல்லாரும் வந்து என் பின்னால நின்னாங்க. அவன் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்.

இப்போ தெனமும் யாராவது எள்ளு வாங்கற சாக்குல வந்து பேசறாங்க. கேட்டுட்டே இருக்கேன். கேட்டதுக்கப்புறம் என்ன செய்யணும்னுதான் தெரியல. உன் படிப்பு அதுக்குத்தானே? உத்தியோகம் வந்தா போ, தடுக்கல. அது வர்ற வரைக்கும் என் கடையில உனக்கொரு ஸ்டூல் போட்டிருக்கேன்.

நேத்து ஒரு பொண்ணு வந்தா, கை வீங்கியிருந்துச்சு. பேரு சொல்லல. நானும் கேக்கல. வியாழக்கெழம மறுபடி வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. அதுக்குள்ள வந்துடு.

அவிடி