ஐம்பது வீட்டுக்கும் நான் சொன்ன பொய்

காத்தான்குடி,
12.09.1963

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை றபீக்கா எழுதிக்கொள்வது. கொழும்பில் நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ் துணை. இங்கு எல்லோரும் சுகம். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, வீடெல்லாம் புழுதி.

எழுத வந்த விசயம் வேறு. வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டு கிழமைக்கு முன் மகள் றஸீனாவைப் பெண் பேசி ஓட்டமாவடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தேத்தண்ணீர் கொடுத்த நேரம் பார்த்து, வீடு வீடாக வருமானம் விசாரிக்கும் அரசாங்கக் கந்தோர்க்காரர் ஒருவரும் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். உங்கள் கந்தோரில் எல்லா வீட்டுக் கணக்கையும் கூட்டி, மற்ற நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாக முன்பு எழுதினீர்களே, அதே படிவம்தான். "ஐம்பது வீட்டுக்கு ஒரு வீட்டத்தான் கேக்கிறம். உங்கட பதில்தான் அந்த ஐம்பதுக்கும்" என்று அவர் சொன்னது எனக்குக் காதில் ஏறவேயில்லை. மாதம் எவ்வளவு வரும் என்று கேட்டார். உங்கள் மச்சான் வாயைத் திறக்குமுன், திரைச்சேலைக்குப் பின்னால் நின்ற நான் "முந்நூறு வரும்" என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு வாங்க என்றாவது சொல்லியிருக்கலாம். மச்சான் எங்கள் கைத்தறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்நூறைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் சீதனத்துக்குக் கல்வீடு கேட்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது. என் பொய்க்கு அது வேண்டியதுதான்.

ஆனால் பக்கத்து வீட்டு ஸைனம்பு என்ன பாவம் செய்தாள்? சாரன் நெய்த கூலி வராமல் மூன்று நாளாக மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்கிறாள். அவளையும் முந்நூறு ரூபாய்க்காரி ஆக்கிவிட்டேனே! ஐம்பது வீட்டை ஒரே வாயால் பணக்காரராக்கிய சீமாட்டி நான்தான். அவள் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. அந்த மனிதர் ஆரையம்பதியில் நிற்கிறார் என்று அறிந்து மறுநாளே மச்சானை அனுப்பினேன். கடதாசியெல்லாம் கொழும்புக்குப் போய்விட்டதாம்.

காக்கா, உங்கள் கந்தோர்ப் பெரியவரிடம் என் பொய் என்று சொல்லியே அதைத் திருத்த வழி பாருங்கள். தறிக்கு நூல் கிடைத்த மாதம் எங்களுக்கு வருவது எழுபது ரூபாய். கிடைக்காத மாதம் நாற்பதும் இல்லை. இந்த மாதம் நூல் கிடைக்கவில்லை.

ஒன்றும் அனுப்ப வேண்டாம், நன்றாக இருக்கிறோம் என்று இத்தனை வருடம் உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதங்களையும் இந்தக் கணக்கை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். மேலே எல்லோரும் சுகம் என்று எழுதியதும் பழக்கத்தில் வந்ததுதான். அதையும் வெட்டிவிடுங்கள்.

அல்லாஹ் உங்கள் வீட்டைக் குறைவில்லாமல் வைக்கட்டும். என்னை மன்னிக்கட்டும்.

தலைகுனிந்து எழுதும் தங்கை,
றபீக்கா