கழுவாத துண்டுகள்

அன்புள்ள என்னவருக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எல்லோரும் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி தேவலை. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களிடம் காட்டத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் "சரி, பாக்கலாம்" என்பீர்கள். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது.

நம் நொதியைப் பெரிய அளவில் ஓட்ட நீங்கள் ஆலைக்குப் போனபின் ஆய்வகத்தில் நான் மட்டும். பழைய வேலைதான். பிளாஸ்டிக் பாட்டில்களை நறுக்கி, காஸ்டிக் சோடாக் காரத்தில் வேகவைப்பது. இளகிய துண்டுகளை அலசி, வெந்நீர்க் குடுவையில் போட்டு நொதியை ஊற்றுவது. மிச்சத்தை அது தின்று முடிக்கும் என்று காத்திருப்பது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் நொதி ஊற்றாத இன்னொரு குடுவை.

மூன்று வருடமாக நொதிக் குடுவை என்னுடையது. ஒப்பீட்டுக் குடுவை உங்களுடையது. இந்த மாதம் இரண்டையும் நானே செய்தேன்.

உங்கள் குடுவையில் பெரிதாக எதுவும் கரைந்து நான் பார்த்ததில்லை. இம்முறை இரண்டிலும் கரைந்துவிட்டது.

நொதி உள்ளதில் எண்பது சதவீதம். இல்லாததில் எழுபத்தெட்டு. நான்கு முறை செய்து பார்த்தேன்.

ஐந்தாம் முறை அலசும்போது உங்கள் கை நினைவுக்கு வந்தது. கழுவின தட்டையே மறுபடி கழுவுகிற கை. உங்கள் துண்டுகளை ஐந்து தண்ணீரில் அலசுவீர்கள். காரம் துளியும் மிஞ்சாது. நான் ஒரே முக்கு. பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், நேரமாகிவிட்டது, போதும். என் துண்டுகளில் ஊறியிருந்த காரம்தான் அவற்றைக் கரைத்திருக்கிறது. நொதி அந்தக் காரத்தில் முதல் மணி நேரத்திலேயே செத்திருக்கும்.

மூன்று வருடம் நாம் அளந்தது நொதியை இல்லை. உங்கள் நிதானத்துக்கும் என் அவசரத்துக்கும் நடுவே இருந்த தூரத்தை.

என் தப்பு என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்டு உங்களுக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன். தேதிகளைச் சரிபார்க்க உங்கள் நோட்டை எடுத்தேன்.

நம் முடிவைப் பார்க்க ஆலைக்காரர்கள் வந்ததற்கு முந்தின நாள். உங்கள் எழுத்து. "குழாயில் தண்ணீர் இல்லை. கழுவாமல் போட்டேன். நொதி இல்லாமலே எழுபத்தொன்பது." அதன் குறுக்கே அடித்த ஒற்றைக் கோடு.

அடித்தாலும் படிக்கத் தெரிய வேண்டும், நோட்டில் எதையும் மறைக்கக் கூடாது என்பீர்கள். தெரிகிறது.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

பாட்டில் பொறுக்கிவரும் அக்கா நேற்றும் மூட்டையோடு வந்தாள். "என்ன மேடம், உங்க பூச்சி எங்க குப்பை மலைய எப்பத் தின்னு முடிக்கும்?" என்றாள். அது பூச்சி இல்லை என்று எத்தனை முறை சொல்லியாயிற்று. "எதுவோ ஒண்ணு. பிளாஸ்டிக்கையே தின்னுதாம். எங்க வீட்டுக்காரரத் தின்ன ஒண்ணு கண்டுபிடிச்சுக் குடுங்களேன்." சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அவள்தான் தண்ணீர் கொடுத்தாள். போகும்போது, குப்பைமேட்டுப் புகையில் அவள் மகனுக்கு மறுபடி மூச்சிரைப்பு என்றாள். "உங்க சார் அங்க பெரிசாக் கட்டுறாராமே. அடுத்தது இங்கதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆலையில் நொதித் தொட்டியைத் திறக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நொதி ஒன்றும் செய்யாது. கரைவது குறைகிறதே என்று இன்னும் காரம் ஊற்றச் சொல்வார்கள். நீங்களும் ஊற்றுவீர்கள். தொட்டித் தண்ணீர் வடியப்போவது பின்னால் இருக்கும் வாய்க்காலில், அதில் பிள்ளைகள் குளிக்கிறார்கள் என்று முதல் கடிதத்தில் எழுதியவர் நீங்கள். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் வாய்க்கால் இல்லை. கடிதங்களும் சுருங்கிவிட்டன. வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை. வாடகை வீடு, மாமாவின் மருந்து, என் பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்து அச்சான கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டிய சுவர். எனக்காகச் செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தாங்கமாட்டேன்.

நம் ஆய்வகப் பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். புதன்கிழமை காலை கொடுத்துவிடுவேன். இது உங்களுக்குத் திங்களன்றே கிடைத்துவிடும். நடுவே ஒரு நாள் இருக்கிறது. அங்கே நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம். வேலை போகும். போகட்டும். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.

பாப்பா இப்போது தன் தட்டைத் தானே கழுவுகிறாள். கழுவிவிட்டு, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவுகிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று மாமா கேட்டார். முன்பெல்லாம் உங்களைத் திட்டுவேனே, தண்ணீர் வீண் என்று. அவளைத் திட்ட வாய் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.

என்றும் உங்கள்,
பாப்பாவின் அம்மா