அஸ்கிக்கு வயது கூட்ட மாட்டேன்

கல்முனைக்குடி
2010 மாசி

அன்பு மகன் ஜவுபருக்கு, உன் உம்மா சொல்லி எழுதுவிக்கும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். மாரி மழையில் பிடித்த சளியைத் தவிர இங்கு எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, கட்டாரில் உனக்கு அந்தக் குறையும் வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் கேட்கிறேன். நான் வாயால் சொல்கிறேன், உன் தங்கை அஸ்னா எழுதுகிறாள். கெம்பஸ் படிப்பு முடித்தவள் என்பதால் என் கதையையெல்லாம் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள், ஏச்சைக் குறைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். போனில் நான் தொடங்கினாலே கார்ட் முடியப் போகிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படு. இறக்காமத்து வயலில் யானை இறங்கி ஒரு பக்கத்து வேளாண்மையை மிதித்துவிட்டது, மிச்சம் நன்றாகவே கதிர் தள்ளியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உன் கூட்டாளி ஸமட் வந்தான். தம்பி அஸ்கியை ஆமியில் சிப்பாயாகச் சேர்க்கச் சொல்லிவிட்டாயாம், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "சண்டை முடிஞ்சித்து மாமி, இனி ஆமியில என்ன வேல, வாசல்ல நிக்கிறதும் புல்லு வெட்டுறதும்தானே, மாசம் பொறந்தாச் சம்பளம்" என்றான். அஸ்கிக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லையே என்றேன். அதற்கும் வழி வைத்திருந்தான். சுனாமியில் அஸ்கியின் பிறப்புச் சான்றிதழ் போனபின் இவ்வளவு நாளும் பள்ளிக்கூடக் கடிதத்தை வைத்துத்தானே சமாளித்தோம். "இப்ப புதிசா எடுக்கக்குள்ள ஒரு வயசக் கூட்டிப் போடுவம், நீங்க சத்தியம் பண்ணி ஒரு கையெழுத்து வெச்சாச் சரி, கடலா வந்து சாட்சி சொல்லப்போகுது" என்று சிரித்தான். மகனே, கடல் கொண்டுபோனது கடதாசியை. நான் அவனைப் பெற்ற நாளை அது தொடவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பு என்று சொல்லிவிட்டேன். போகும்போது, "அப்ப சின்னவர் படுத்துக் கிடக்கட்டும், ஜவுபர் வெயில்ல காயட்டும்" என்று குத்திவிட்டுத்தான் போனான்.

அந்தக் குத்து எனக்குப் பட்டது, மறைக்கவில்லை. தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மூத்த காக்கா கலியாணம் முடிப்பது நம் ஊரில் வழக்கமில்லை, அந்தச் சுவர் எழும்பத்தான் நீ அங்கே காய்கிறாய். அஸ்கி சோம்பேறி என்பதும் பொய்யில்லை. நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னால்தான் எழும்புகிறான். பாண்டிருப்பிலிருந்து இவனுக்குக் கணக்குப் படிப்பிக்கும் கனகரெத்தினம் சேர் வீடு தேடி வந்து, "கணக்குத் தாள எல்லாருக்கும் முதல் முடிச்சிட்டான், மிச்ச நேரம் அதிலயே மீன் படம் கீறி வெச்சிருக்கான், நான் புள்ளி போடுறதா கறி சமைக்கிறதா" என்று கேட்டார். ஆமியைப் பற்றி இவனிடம் கேட்டால், "போனா என்ன, போகாட்டி என்ன" என்கிறான். எனக்குப் பயமே அந்தச் சொல்லில்தான். எதற்கும் ஓம் போடுகிறவன் கையில் துவக்கைக் கொடுத்தால், யாரோ காட்டிய பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பான்.

ஆமியைக் கேவலமாகச் சொல்லவில்லை. சுனாமியில் போன உன் வாப்பாவின் மையித்தை மணலுக்குள்ளிருந்து தூக்கி வந்தது ஒரு சிங்கள ஆமிப் பிள்ளைதான், அந்த உதவியை மறக்கமாட்டேன். கிடத்திவிட்டு மதிலோரம் போய்ச் சத்தியெடுத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த மையித்துக்குப் போனான். மீசைகூட முளைக்காத முகம். அவனாக வந்தானா, வீட்டில் தள்ளிவிட்டார்களா என்று அவனுடைய தாயிடம் கேட்க எனக்குப் பாஷை இல்லை. என் பிள்ளையைப் பற்றி யாரும் அப்படி நினைக்க விடமாட்டேன். வீட்டைப் பற்றி அஸ்னா சொன்னதையும் எழுதடி என்கிறேன், பேனையை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள், ஏசியபிறகுதான் எழுதுகிறாள். தம்பியைப் பொய் வயதில் ஏற்றி அனுப்பிக் கட்டும் வீட்டில் தனக்கு நித்திரை வராதாம், சுவர் அரைவாசியில் நிற்கட்டுமாம். வெட்கப்படுகிறவள் இவ்வளவு கதைத்ததே பெரிது.

ஆகவே நான் செய்ததைக் கேள். நேற்றுப் பதிவாளர் கந்தோருக்கு அஸ்கியையும் கூட்டிக்கொண்டு போனேன். இவனைப் பிடித்த மருத்துவிச்சி சபியா உம்மா சாட்சிக்கு வந்தார். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள் மனே, குர்பான் இறைச்சி அடுப்பில கிடக்கக்குள்ள கூப்பிட்டாங்க, பிள்ளயப் புடிச்சித்து வந்து பார்த்தா கறி கரி" என்று சொல்ல, கந்தோரே சிரித்தது. உண்மையான திகதியைச் சொல்லி, உண்மையாகச் சத்தியம் செய்து கையெழுத்தும் வைத்துவிட்டேன். இனி நீயோ ஸமட்டோ ஒரு நாளும் கூட்ட முடியாது. உயர்தரம் எழுதட்டும், பதினெட்டு முடியட்டும். பிறகு அவனாக வந்து போகிறேன் என்று சொன்னால், நானே அழைத்துப்போய் வாசலில் விடுவேன். அதுவரை அனுப்பமாட்டேன், கோபத்தில் நீ கதைக்காமல் இருந்தாலும் சரி.

திரும்பி வரும்போது அஸ்கி, "உம்மா, காக்கா கூட்டாளிட்டச் சொல்லியிருக்காரு, என்னட்ட ஏன் கேட்கல்ல" என்றான். அதற்குப் பதிலை நீ அவனுக்கு எழுது, எனக்கு எழுத வேண்டாம்.

வெயிலில் தலையை மூடிக்கொள், தண்ணீர் குடி. அல்லாஹ் உன் உடம்பையும் ஈமானையும் காக்கட்டும்.

உன் உம்மா
ஆசியா உம்மா