ஞாயிற்றுக்கிழமைக் கல்லூரி

10.11.2024, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? படிக்கப்போவது நான்தானே. இருந்தாலும் கேட்டு வைப்போம். இதை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

என் பெயர் மண்ணாங்கட்டி. இதை என் கையாலேயே எழுதிவிட்டு, பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறேன். முதியோர் வகுப்பு டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொன்னார். வல்லம் வடகாலில் எங்கள் தெருவைத் தாண்டினால் கம்பெனிகள்தான். ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டே நடக்கிறேன். பால் வாங்கப் போனால் வீடு திரும்ப நேரமாகிறது.

பேத்தி அறிவுமதி பன்னிரண்டாவது படிக்கிறாள். காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்க ஆசை. கூடவே பயம். "அங்க எப்படி இருக்கும் தாத்தா? நம்மள மாதிரி ஆளுங்க இருப்பாங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் யாரும் ஒரு காலேஜுக்குள் கால் வைத்ததில்லை.

20.11.2024, புதன்

செல்போன் பாகம் செய்கிற ஒரு கம்பெனி, பள்ளிக்கூடத்துக்கே பஸ் அனுப்பி பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டியது. பாகங்களைச் சேர்க்கிற லைன் ஓடிக்கொண்டிருந்ததாம். போன வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் படித்த நாச்சியார் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு கை ஆட்டினாளாம். கேன்டீனில் சாம்பார் சாதம். "எல்லாம் நம்ம பக்கத்து ஊரு, பென்னலூர் பொண்ணுங்கதான் தாத்தா."

என் மகன் கார்முகிலுக்குச் சந்தோஷம். அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் நிற்கிறவன். "கம்பெனின்னா எனக்குத் தெரியும் நைனா. காலேஜ்னா இன்னா தெரியும்? நீ பார்த்தியா, நான் பார்த்தேனா?"



6.1.2025, திங்கள்

காலேஜுக்கும் கூட்டிப்போவார்களாம், பஸ் கிடைக்கவில்லையாம். இங்கே இருக்கிற பஸ்ஸெல்லாம் ஷிப்டுக்கு ஓடுகிறது. பள்ளிக்கூடம் காத்திருக்கிறது.

2.2.2025, ஞாயிறு

பஸ் கிடைத்தது. கம்பெனி பஸ்தான். ஞாயிறு மட்டும் சும்மா நிற்குமாம், அதனால் இன்றைக்கே அழைத்துப்போனார்கள். யாருக்குமே தோன்றவில்லையா? எனக்கும் தோன்றவில்லையே. காலையில் வாசலில் நின்று கை ஆட்டி அனுப்பினேன்.

மதியமே வந்துவிட்டாள். பையைக்கூட இறக்கவில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"பூட்டி கீது தாத்தா. ஜன்னல் வழியா பெஞ்சு பார்த்தோம். ஒரு நாய் படுத்துகினு இருந்துச்சு. வேற யாருமே இல்ல."

கம்பெனியை ஓடும்போது காட்டினார்கள். காலேஜை மூடிக் கிடக்கும்போது காட்டினார்கள். பிள்ளை எதை நம்பும்?

4.2.2025, செவ்வாய்

நானே போனேன். பஸ் போர்டை யாரையும் கேட்காமல் படித்து ஏறினேன். சரியான பஸ். என்ன சந்தோஷம்.

காலேஜ் கேட்டில் வாட்ச்மேன் தடுத்தார். "இன்னா பெரியவரே, யாரு வேணும்?"

"யாரும் வேணாம். சும்மா பார்க்கிறேன்."

"பேத்தி படிக்குதா?"

"படிக்கணும்."

அவர் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்து பார்த்தேன். எவ்வளவு பிள்ளைகள். எண்ணெய் வைத்துப் பின்னிய தலைகள். மரத்தடியில் நாலு பேர் ஒரு கொய்யாப்பழத்துக்குச் சண்டை. ஒருத்தி காலில் அறிவு போடுகிற அதே ரப்பர் செருப்பு.

ராத்திரி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நீ பார்த்தே தாத்தா. நான் பார்க்கலயே."

நாளைக்கே கூட்டிப்போகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை பிராக்டிகல், லீவு போட முடியாதாம். அதன்பிறகு பரீட்சை. அப்புறம் காலேஜுக்கே லீவு. ஒன்பதாவதிலேயே காட்டியிருக்க வேண்டும். ஆள் நடமாடுகிற ஒரு நாளில். இப்போது சொல்லி என்ன?

10.2.2025, திங்கள்

கம்பெனி வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

8.5.2025, வியாழன்

ரிசல்ட். கெமிஸ்ட்ரியில்தான் அதிக மார்க். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மார்க்கை நானே படித்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

13.7.2025, ஞாயிறு

அறிவு வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. இந்த வாரம் காலையில் போகிற ஷிப்ட். கம்பெனி பஸ் அந்தக் காலேஜ் வாசல் வழியாகத்தான் போகிறதாம். பிள்ளைகள் ரோட்டைத் தாண்டும்வரை பஸ் நிற்குமாம்.

"நீ சொன்ன மாதிரியேதான் கீது தாத்தா. எவ்ளோ பேரு. என் செருப்பு மாதிரியே போட்டுகினு ஒருத்தி போனா."

எனக்கு ஆசை வந்துவிட்டது. "இன்னைக்கு உனக்கு லீவுதானே, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

அவள் சிரித்தாள். "இன்னைக்கு ஞாயித்துக்கெழம தாத்தா."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை.

என் எழுத்து இப்போதெல்லாம் கோட்டின்மேல் நேராக நிற்கிறது. அடுத்த வாரமும் எழுதுவேன். எனக்கென்ன, எல்லாக் கிழமையும் லீவுதான்.