ஆதரவு உண்டு

நாமகிரிப்பேட்டை
12-6-1983

அன்பு மகள் சாரதாமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மழைதான் இன்னும் சுகப்படவில்லை. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரி போடு. நம் கிணற்றில் மோட்டார் போட்டால் காற்றுதான் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சேலத்துப் பெரிய நூலகத்தில் எனக்கு வரவேண்டிய உத்தியோகத்தில் என்னிடம் வேலை பழகியவன் உட்கார்ந்திருக்கிறான், அதை மறுபடி எழுதினால் உனக்குச் சலிக்கும், விடுகிறேன். மறக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இப்போது வேறொரு குழப்பம். சென்றாயன் என்று ஒரு முதியவர், பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக் குடிசையிலேயே குடியிருந்து காலமெல்லாம் பண்ணையம் பார்த்தவர், பெண்டு பிள்ளை இல்லை. கிணறு வற்றித் தோட்டம் கைமாறியதும் சாளையைப் பிரித்துவிட்டார்கள். ராத்திரி பஸ் நிலையத்தில் படுக்கை, பகலில் என் கிளை நூலகத்தில் இருப்பு. பானைத் தண்ணீர் குடித்துவிட்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பேப்பர் படிப்பவர்களிடம் மழையைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா என்று கேட்பார். மூட்டையை அலமாரிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பயிற்சியில் புத்தகத்தை எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள், ஆளை எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது உன் மாமன் தங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. தினமும் ஓசிப் பேப்பர் படிக்க வருகிறவர், ஏனுங்க மாப்பளே, இதென்ன லைப்ரரியா சத்திரமா, பொஸ்தகம் எரவல் வாங்க வாரவனும் எரக்க வாரவனும் ஒண்ணுங்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இரவலும் இரத்தலும் ஒரே வேரில் பிறந்த சொல், அகராதி எடுத்துத் தரட்டுமா என்றேன். தன்னைப் பிச்சைக்காரன் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு மேலே எழுதிப் போடப்போகிறேன் என்கிறார். படிச்ச திமிர எங்கண்ணங்கிட்டத்தான் காட்டோணுமுங்களா என்று உன் அம்மாவும் முகம் கொடுக்கவில்லை. புதுமனை புகுவிழாவில் அந்த அண்ணன் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததை அவள் மறந்துவிட்டாள். ஆனால் கண்ணு, யோசித்துப் பார்த்தால் சென்றாயன் மேல் எனக்கு இருப்பது இரக்கமா, தங்கசாமி மேல் இருக்கும் வீம்பா என்று எனக்கே பிடிபடவில்லை.

முதியோர் உதவித்தொகைக்கு நான்தான் மனு எழுதினேன். விலாசம் வேண்டுமே, மே/பா கிளை நூலகம் என்று போட்டேன். அப்படிப் போடலாம் என்றும் விதி இல்லை, கூடாது என்றும் இல்லை. போன புதன்கிழமை வருவாய் ஆய்வாளர் விசாரிக்க நூலகத்துக்கே வந்தார். ஆதரவு யாரும் இல்லாதவருக்குத்தான் அந்தப் பணம். பெரியவரே, உங்களுக்குன்னு யாராச்சும் இருக்கறாங்களா என்று கேட்டார். இல்லீங்க என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது காரியம். இந்த மனிதர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஏனுங்க சாமி இப்படிக் கேக்கறீங்க, இந்த அய்யா இருக்கறாருங்களே என்று என்னைக் காட்டினார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், தண்ணீர் கொடுத்தவரை அருகில் வைத்துக்கொண்டு எனக்கு யாருமில்லை என்று சொன்னால் அவரை அவமதித்த மாதிரி. மரியாதைக்குச் சொன்னார், அது மனுவைக் கெடுத்துவிட்டது. உறவுங்களா என்று ஆய்வாளர் என்னைக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து தங்கசாமி, அப்பொ நமக்கும் சொந்தமாயிட்டாருங்க என்றார், எல்லாரும் சிரித்தார்கள். ஆதரவு உண்டு என்று எழுதப்பட்டுவிட்டது. ஆய்வாளர் நல்ல மனிதர், வெளியே கூப்பிட்டு, இவருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நான் ஆதரிக்கவில்லை என்று நீங்கள் எழுதி, அதைப் பெரியவருக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கிக் கொடுத்தால் மாற்றிவிடலாம் என்றார். நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனுங்களா என்று சென்றாயன் அன்று மாலை கேட்டார். இல்லை என்றேன்.

அந்தக் காகிதத்தை எழுதி வைத்துவிட்டேன், நாளைக் காலை படித்துக் காட்ட வேண்டும். முகத்தைப் பார்த்து அதைப் படித்தால்தான் அவருக்குச் சோறு. இதையே மனம் நோகாமல் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறதா என்று உன்னைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். உன் பதில் வந்து சேருவதற்குள் நான் படித்து முடித்திருப்பேன், ஆனாலும் எழுது.

குழந்தைக்குச் சளி இருக்கும்போது தலைக்கு ஊற்றாதே. உன் மாமனுக்கு நீ தனியாகக் கடிதம் போடுவதாகக் கேள்வி, போட்டுக்கொள், இந்த விஷயம் மட்டும் அதில் வேண்டாம். அர்த்தநாரீஸ்வரர் துணையால் மூவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா
மருதாசலம்